காளியண்ணன் கங்காணியும் இருபத்தொன்பது லோரிகளும்

“இன்னையோட சரி! இனிமே என் காலு இந்த மலையில படாது. பெரட்டுக்கும் மோட்டார், நிறுவைக்கும் மோட்டார். ஏன், நான் செத்தாகூட சுடுகாட்டுக்கு மோட்டார்லதான் போவேன். நடக்கிறதெல்லாம் ஒங்கள மாதிரி ஆளுங்களுக்கு லா!”

இந்தப் பிரகடனம் 1975ஆம் ஆண்டு தீபாவளிக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு வெளியானது. இடம், கேமரன் மலையில் கியா பார்முக்கு அப்பால் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரட்டுக் களம். விடியலில் ஆட்களை நிறுத்தி எண்ணி, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கிற களம் அது. வெளியிட்டவர், காளியண்ணன் கங்காணி, வயது முப்பத்தேழு. கேட்டவர்கள், கொழுந்து வெட்டும் நாற்பத்து மூன்று பெண்கள். சாட்சி, முந்தின நாள் தாப்பாவிலிருந்து லோரியில் ஏற்றிவரப்பட்டு, விளக்குக்கு மேலே சந்தனமும் குங்குமமும் தரித்து நின்ற ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள்.

வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோவது பெரிய மனிதர்களின் வழக்கம். காளியண்ணன் அந்த இனத்தைச் சேர்ந்தவர் அல்லர். பத்து ஆண்டுகள் சொன்ன சொல்லைக் கட்டிக் காத்தார். அவர் வீட்டிலிருந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லைனின் கடைக்கு நாற்பது அடி. மோட்டாரை உதைத்துக் கிளப்ப ஆகும் நேரத்தில் கடைக்குப் போய்த் திரும்பி வந்துவிடலாம். ஆனாலும் உதைத்தார். கொல்லையில் கறிவேப்பிலை கிள்ளிவரச் சொன்னால், லைனைச் சுற்றி மோட்டாரில் போய்க் கிள்ளி வந்தார். இதனால் அவருடைய இடைவாரில் ஆண்டுக்கு ஒரு புதிய துளை தேவைப்பட்டது. 1983க்குப் பிறகு துளை போட வாரில் இடமில்லை. காற்சட்டையின் மேல் பொத்தான் ஓய்வு பெற்றது. குளிர் மலையில் யாரும் எப்போதும் கம்பளிச் சட்டை போட்டிருப்பதால் இந்தச் செய்தி வெளியே கசியவில்லை.

மற்றபடி அவர் திறமையான கங்காணி. சாலையோரத்தில் தராசை மாட்டி, பெண்கள் முதுகில் சுமந்து இறக்கும் கொழுந்துக் கூடைகளை நிறுப்பார். மழை நாளில் இலை நனைந்து பாரம் கூடும் அல்லவா? “ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழி” என்பார். வெயில் நாளிலும் சில சமயம், பனி பெய்ததை நினைவுகூர்ந்து, ஒரு கிலோ கழிப்பார். மோட்டாரில் உட்கார்ந்தபடியேதான்.

1985ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை நண்பகலில், அச்சம் என்பது அவரைத் தேடிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கே வந்தது.

சிங்காரம் என்பவர் தேயிலைத்தூள் ஏற்றும் லோரியின் ஓட்டுநர். கங்காணியின் சம வயது, பால்ய நண்பர். புறப்படும் லோரியின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, எதிரே மோட்டாரில் அமர்ந்திருந்த நண்பரிடம் அவர் சொன்னார்: “வரும்போது திரிங்காப் பக்கம் போறேன் காளி. முட்டைக்கோஸ் நல்லா வெளைஞ்சு கெடக்காம். ஒனக்கு ஒரு...”

அவ்வளவுதான். படியில் வைத்த கால் நழுவியது. ஆள் கீழே விழுந்தபோது உயிர் இல்லை.

ஒரு என்ன? ஒரு கோஸா, ஒரு மூட்டையா? காளியண்ணனின் மோட்டார் இயங்கிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதன் வாக்கியத்தின் நடுவில் நின்றுபோக முடியும் என்பதை அதுவரை அவர் கேள்விப்பட்டதில்லை. பேசுகிற ஒவ்வொருவரும் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் போவார்கள் என்று நம்பியிருந்தார்.

மறுநாள் அடக்கம். எரிப்பதற்கும் புதைப்பதற்கும் சேர்த்துத் தோட்டத்துக்கு இருக்கும் ஒரே சுடுகாடு செங்குத்தான மேட்டின் மேல் இருக்கிறது. மண்ணில் வெட்டிய ஒற்றையடிப் படிகள், தொண்ணூற்றாறு. மோட்டார் ஏறாது. பாடையின் முன்பக்க வலது கொம்புக்குத் தோள் கொடுப்பது கங்காணியின் உரிமை. உரிமையை விட்டுக்கொடுக்கும் வழக்கம் அவருக்கு இல்லாததால், பத்து ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாகக் காளியண்ணன் கங்காணி ஒரு மேட்டில் ஏறினார்.

நாற்பதாவது படியில், ஈரக் கொழுந்து மூட்டை ஒன்றை யாரோ அவர் நெஞ்சின் மேல் வைத்தார்கள். ஐம்பதாவது படியில் அந்த மூட்டையின் மேல் அவர்களே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். இடது கை முழங்கை வரை கனத்தது. தாடை இறுகியது. குளிரில் வியர்த்தது.

“செருப்பு வாரு அறுந்துபோச்சு. யாராச்சும் பிடிங்கப்பா” என்று தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். செருப்பு புதியது. ஊர்வலம் மேலே போனது. அவர் புதருக்குப் பின்னால் குந்தி, மூச்சு திரும்பி வருமா என்று காத்திருந்தார். பத்து நிமிடத்தில் வந்தது. ஆனால் மேலே போகக் கால் வரவில்லை. நண்பனின் குழியில் மூன்று கைப்பிடி மண் போடாமலே இறங்கி, மோட்டாரில் வீடு திரும்பினார்.

அன்றிலிருந்து கங்காணி தன்னையே வேவு பார்க்கத் தொடங்கினார். பெரட்டில் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாடித் துடிப்பை எண்ணிக்கொண்டே ஆட்களையும் எண்ணினார். ஒரு நாள் எழுபத்தெட்டு பேர் என்று ஆபீசுக்கு எழுதி அனுப்பினார். நாற்பத்து மூன்று போக மிச்சம் முப்பத்தைந்து பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று துரை விசாரித்தார். தோட்ட மேனேஜரைத்தான் சொல்கிறேன். வெள்ளைக்காரர் போய்ப் பல காலம் ஆகியும் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் துரைதான்.

வீட்டிலும் கவனித்தார்கள். “என்னங்க, ஒரு கையி நெஞ்சுலயே இருக்கு? சாப்புடும்போதுகூட எடுக்க மாட்டேங்கிறீங்க. சட்டைக்குள்ள எதையாச்சும் ஒளிச்சு வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார் மனைவி செல்லம்.

“குளுருது.”

“வேர்க்குதே?”

ஏப்ரல் இறுதியில் கங்காணி, நோயாளிகள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் தோட்டத்து மருந்தகத்துக்குள் நுழைந்தார். அங்கே டிரெஸர் குணாளன் ஊசிகளைக் கொதிக்கவைத்துக் கொண்டிருந்தார். தோட்டத்தில் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பிரசவத்துக்கும் முதலில் பார்ப்பவர் அவர்தான்.

“எனக்கு ஒன்னும் இல்ல டிரெஸர். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு, மேடு ஏறினா நெஞ்சு அடைக்குதாம்.”

“அவரை வரச் சொல்லுங்க கங்காணி.”

“வந்திருக்காரு.”

மோட்டாருக்குச் சாமான் வாங்கப் போவதாக ஊருக்கு அறிவித்துவிட்டு ஈப்போவுக்குப் போனார். அங்கே ஒரு டாக்டர் அவர் நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் படம் எடுத்தார். ரத்தம் எடுத்தார். சிறிய பழுப்பு நிறக் குப்பியில் மாத்திரைகள் கொடுத்து, வலி வந்தால் உட்கார்ந்து ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும், வலி விடாவிட்டால் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். மோட்டார் சாமான் எதுவும் வாங்காமல் திரும்பிய கங்காணி, கேட்டவர்களிடம் “ஸ்டாக் இல்ல லா” என்றார்.

இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. டிரெஸர் பிரிக்கும் முன்பே வாங்கிப் பிரித்து, மருந்தகத்து வாசலில் நின்று படித்தார். ஆங்கிலம் அரைகுறை. ஆனால் எண்கள் கங்காணியின் தாய்மொழி. கொலஸ்ட்ரால் என்று ஒரு வரியில் 286. அதற்குக் கீழே ஏதோ மூன்று எழுத்துகள், எதிரே 29.

எண்களைப் பற்றி அவருக்கு ஒரே கொள்கைதான். தராசில் கூடினால் மகிழ்ச்சி, குறைந்தால் திட்டு. 286ஐப் பார்த்து முகம் மலர்ந்தார். 29ஐப் பார்த்து முகம் சுளித்தார். பின்னதற்காக அவர் வருந்தியது சரி என்பதையும், அதற்கு அவர் வைத்திருந்த காரணம்தான் தவறு என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

நேரே வீட்டுக்குப் போனார். “செல்லம்! இருநூத்து எண்பத்தாறு! லைன்ல எவனுக்கும் இவ்ளோ இருக்காது.”

“எதுல?”

“ரத்தத்துல. கொழுப்பு.”

“அது ஒங்களுக்கு ஏறிப்போச்சுன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்? இதுக்கு எதுக்கு ஈப்போ வரைக்கும்?”

மாலையில் மருந்தகத்துக்குத் திரும்பியவரை டிரெஸர் உட்கார வைத்தார். தாளைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். கதவைச் சாத்தியதும் கங்காணியின் மகிழ்ச்சி வெளியிலேயே நின்றுவிட்டது.

“கங்காணி, இது கொழுந்து இல்ல. இந்த நம்பர் ஏறக் கூடாது.”

கங்காணி சற்று யோசித்தார். “ஈரத்துக்குக் கழிச்சீங்களா? ரத்தம் எடுத்த அன்னிக்கு ஈப்போவுல நல்ல மழை. தொப்பலா நனைஞ்சுட்டேன்.”

“ரத்தத்துல ஈரத்துக்குக் கழிக்க மாட்டாங்க.”

வாழ்நாள் முழுதும் கழித்த மனிதருக்குக் கழிவு மறுக்கப்பட்டது. அவர் கை நெஞ்சுக்குப் போனது.

“அப்ப அந்த இருபத்தொன்பது? அது கொறைச்சலாத்தானே இருக்கு? அதாச்சும் நல்லதா?”

“அதுதான் ரொம்ப மோசம். அது ஏறணும்.” குணாளன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “சொல்றேன் கேளுங்க. கொழுப்பு தண்ணியில கரையாது. ரத்தத்துல அதை ஏத்திக்கிட்டுப் போக லோரி வேணும். ரெண்டு வகை லோரி இருக்கு. ஒன்னு சரக்கு லோரி. ஈரல்லேர்ந்து ஏத்திக்கிட்டுப் போய் ஒடம்பு முழுக்கக் கொடுக்கும். அதுவும் வேண்டியதுதான். ஆனா அளவுக்கு மேல ஓடிச்சுன்னா, ரோட்டோரமா கொட்டிட்டுப் போயிரும். தாப்பா ரோட்டுல மண்சரிவு பாத்திருக்கீங்கல்ல?”

“பாத்திருக்கேன்.”

“ஒங்க நெஞ்சுக்குப் போற ரோடு இப்ப அப்படித்தான் கெடக்கு. பாதி மூடிக்கிச்சு. சும்மா ஒக்காந்திருந்தா பாதி ரோடே போதும். மேடு ஏறினா நெஞ்சுக்கு நெறைய ரத்தம் வேணும். வழி இல்ல. அதான் வலி.”

“சிங்காரத்துக்கு?”

“அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். முழுசா மூடிக்கிச்சு.”

சுவரில் மாட்டியிருந்த குழந்தைத் தடுப்பூசிப் படத்தைக் கங்காணி வெகுநேரம் பார்த்தார்.

“ரெண்டாவது லோரி?” என்று கேட்டார்.

“மண் அள்ளுற லோரி. காலியா வந்து, ஓரத்துல கெடக்குறதை அள்ளிக்கிட்டு ஈரலுக்கே திரும்பிப் போயிரும். அதைத்தான் நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்றாங்க. அது நாப்பதுக்கு மேல இருந்தா கொஞ்சம் நிம்மதி. ஒங்களுக்கு இருபத்தொன்பது.”

“எங்க கெடைக்கும்? நல்ல கொழுப்புன்னா நல்ல நெய்யிலதான இருக்கும்? தாப்பாவுல சுத்தமான பசு நெய் விக்கிறான்.”

“நெய்யில இருந்தா நான் ஒங்களுக்கு முன்னாடி வாங்கியிருப்பேன். கடையில கெடைக்காது கங்காணி. ஒடம்பே செய்யணும். நாலு வேலை சொல்றேன். மொதல்ல, சட்டைப் பையில இருக்கே, அந்த சிகரெட்டை விடுங்க. பொகை உள்ள போனா மண் அள்ளுற லோரி கொறையும். அப்புறம் வயித்தைக் கொறைங்க. கறி, தேங்காப்பால் எல்லாம் கையளவு. நாலாவது...” டிரெஸர் சாத்திய கதவைத் தாண்டி, வெளியே நிற்கும் சிவப்பு மோட்டார் இருந்த திசையைப் பார்த்தார். “நடக்கணும்.”

“நடந்தாத்தானே வலிக்குது?”

“மேடு வேணாம். மட்டமான ரோட்டுல, மெதுவா, வலி தலைகாட்டினா ஒடனே நின்னுரணும். தினம் அரை மணி நேரம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டணும். டாக்டரே எழுதியிருக்காரு பாருங்க.”

“மாத்திரையில...”

“மாத்திரை அந்த நேரத்து வலிக்கு. லோரிக்கு நடை.”

எந்த இடத்தில் சாவு தன்னைத் தொட்டதோ அங்கேயே போய் மருந்து வாங்கிக்கொள் என்கிறார்கள். கங்காணி இரண்டு இரவு உறங்கவில்லை. நடந்தால் நெஞ்சு நின்றுவிடலாம். நடக்காவிட்டால் நிச்சயம் நின்றுவிடும், வாக்கியத்தின் நடுவில். நடப்பதை யாராவது பார்த்துவிட்டால்? அது மூன்றாவது மரணம். முதல் இரண்டுக்கும் அவர் அஞ்சினார். மூன்றாவதற்கும் அவற்றுக்குக் குறையாமல் அஞ்சினார்.

ஆகவே திருடன்போல நடக்கத் தீர்மானித்தார். மூன்றாம் நம்பர் மலையின் இடுப்பைச் சுற்றி, தண்ணீர்ப் பம்பு கொட்டகையிலிருந்து, அரை மைல் நீளத்துக்கு மட்டமான பாதை ஒன்று உண்டு. பெண்களைப் பெரட்டிலிருந்து அனுப்பிவிட்டு, எட்டு மணி வாக்கில், மோட்டாரைக் கொட்டகைக்குப் பின்னால் மறைத்துவிட்டு, பனிமூட்டத்துக்குள் இறங்கினார். அந்த நேரத்துப் பனியில் நீட்டிய கை தெரியாது.

முதல் நாள் நாற்பது அடி. கையில் மாத்திரைக் குப்பி. எங்கோ இலைமேல் சொட்டும் நீர் காலடியாகக் கேட்டது. தன் காலடி வேறு யாருடையதோ போலக் கேட்டது. காதுக்குள் நெஞ்சு அடித்தது. பத்தடிக்கு ஒரு முறை நின்று, அது இன்னும் அடிக்கிறதா என்று கேட்டுவிட்டு, ‘ஹூம்’ என்று ஒரு பெருமூச்சு விட்டு, மீண்டும் நடந்தார். இங்கே விழுந்தால் யார் பார்ப்பார்கள்? பனி விலகிய பிறகுதான் தெரியும். அதற்குள் எறும்பு வந்துவிடும். எறும்பை நினைத்ததும் திரும்பிவிட்டார்.

ஆனாலும் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். சிகரெட் கேட்ட வாய்க்கு ஏலக்காய் போட்டார். ஒரு மாதத்தில் நாற்பது அடி நானூறு ஆயிற்று.

அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று உண்டு. பாதைக்கு மேலேயும் கீழேயும் சரிவுகளில், பனிக்குள், பெண்கள் பெரிய கத்தரிகளால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கண் தெரியவில்லை. காது கேட்டது. பத்துக் காலடி. பிறகு நிசப்தம். பிறகு ‘ஹூம்.’ பிறகு பத்துக் காலடி.

அது யாராக இருக்கும் என்பதைப் பெண்கள் முறைப்படி ஆராய்ந்தார்கள். ஆண்கள் எல்லாரும் அந்த நேரத்தில் தொழிற்சாலையில். துரை வந்தால் ஜீப் சத்தம் கேட்கும். கங்காணி? கங்காணி என்றால் மோட்டார் சத்தம். கங்காணியின் கால் மலையில் படாது என்பதற்குப் பத்து ஆண்டு அத்தாட்சி இருந்தது. மிச்சம் இருப்பது ஒரே ஆள்தான். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமல் செத்த சிங்காரம். பாதி வாக்கியத்தோடு அலைகிறார்.

ஜூலை மாதம் பெரட்டுக் களத்தில் அவர்களுக்காகப் பேசியவர் நீலாவதி. நாற்பத்தாறு வயது, நாலு பிள்ளைகள் பெற்றவர், தினமும் இருபது கிலோ கூடையோடு சரிவில் ஏறி இறங்குபவர்.

“கங்காணி ஐயா, நாங்க இனிமே மூனாம் நம்பருக்குப் போக மாட்டோம்.”

“ஏன்? அட்டை கடிக்குதா?”

“சிங்காரண்ணே நடமாடுறாரு. நெசமா. பத்தடி நடக்குறாரு, நிக்கிறாரு, பெருமூச்சு விடுறாரு. இந்தா பாருங்க, சொல்லும்போதே புல்லரிக்குது.”

கங்காணிக்கும் புல்லரித்தது, வேறு காரணத்துக்காக. “யாராச்சும் ஆளாத்தான் லா இருக்கும்.”

“யாரு? அங்க யாரு இருக்கா? மிச்சம் நீங்க ஒருத்தருதான். நீங்கதான் நடக்கவே மாட்டீங்களே!”

நாற்பத்து மூன்று பேரும் சிரித்தார்கள். ‘நான்தான்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஆவி அடங்கிவிடும். அந்தச் சொல் கங்காணியின் தொண்டை வரை வந்து, அங்கிருந்த பத்து ஆண்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

“முனியாண்டிக்கு ஒரு கெடா வெட்டிருவோம்” என்றார்.

வெள்ளிக்கிழமை, தம் காலடியை விரட்டுவதற்காகத் தாமே முன்னின்று கிடா வெட்டினார் காளியண்ணன். கிடாயின் தலை கங்காணிக்கு என்பது தோட்டத்து மரபு. செல்லம் அதைச் சட்டியில் வைத்து, மூடியைத் திறந்து காட்டினார். மினுமினுவென்று கொழுப்பு மிதந்தது. “இதுல எத்தனை லோரி இருக்கு பாருங்க” என்றார். அவரிடம் மட்டும் கணவர் விஷயத்தைச் சொல்லியிருந்தார். கங்காணி சட்டியைப் பார்த்தார். சட்டிக்குள்ளிருந்து கிடாயும் அவரைப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை பெண்கள் மூன்றாம் நம்பருக்குத் திரும்பினார்கள். எட்டு மணிக்குப் பனிக்குள் பத்துக் காலடி கேட்டது. பிறகு ‘ஹூம்.’

கிடா தின்றும் அடங்காத ஆவி! கத்தரிகள் நின்றன. சிலர் அழத் தொடங்கினார்கள். நீலாவதி மட்டும், எந்நேரமும் முதுகுக்குப் பின்னால் எதையோ வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்த முடியாது என்று முடிவெடுத்து, கூடையை இறக்கிவிட்டு, கொழுந்து வெட்டும் கத்தரியை விரித்துப் பிடித்தபடி பாதைக்குக் குதித்தார். “யாரது?” என்று கத்தினார்.

அந்தக் கத்தலில் கங்காணியின் நெஞ்சின் மேல் ஈர மூட்டை வந்து உட்கார்ந்தது. கண் இருண்டது. பாதையோரக் கல்லில் சரிந்து, மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்தார்.

“யாருன்னு கேக்குறேன்ல? பேசு!”

பேச முடியாது. வாயைத் திறந்தால் மாத்திரை விழுந்துவிடும். மாத்திரை விழுந்தால் உயிர் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. பனிக்குள்ளிருந்து கத்தரி ‘கிரிச், கிரிச்’ என்று நடுங்கிக்கொண்டே நெருங்கி வந்தது. ஓர் ஆள் நெஞ்சு வலியில் சாவதும் கத்தரியால் சாவதும் ஒரே காலையில் நடக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றியது. ‘செல்லத்துக்கிட்ட போயிட்டு வரேன்னு சொல்லாம வந்துட்டேனே’ என்றும் தோன்றியது. வாக்கியம் நடுவில் நிற்கப்போகிறது. எது நடு என்றுகூடத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது நீலாவதியின் முகம் ஒரு முழ தூரத்தில் இருந்தது.

“கங்காணி ஐயா?”

தலையாட்டினார்.

“மோட்டார் எங்க?”

கொட்டகைப் பக்கம் கை காட்டினார். நீலாவதி கத்தரியைக் கீழே வைத்தார். வெளுத்த முகம், குளிரில் வியர்வை, நெஞ்சில் கை. கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவர் நெற்றியைத் துடைத்தார். பிறகு அவரோடு கல்லில் உட்கார்ந்துகொண்டார். பனிக்குள்ளிருந்து மற்றவர்கள் “நீலா! நீலா!” என்று அலறினார்கள்.

“இருக்கேன்டி! கொஞ்சம் சும்மா கெடங்க!”

மூட்டை மெல்ல இறங்கியது. மாத்திரை கரைந்தது. கங்காணிக்கு வாய் வந்தது. வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சுடுகாட்டுப் படி, அறுந்துபோகாத செருப்பு, இருநூற்று எண்பத்தாறு, மண்சரிவு, இருபத்தொன்பது லோரி.

நீலாவதி கவனமாகக் கேட்டார். “எங்களுக்கெல்லாம் எத்தனை லோரி இருக்கும்?”

“நீங்க நடக்கிற நடைக்கு... அம்பது அறுவதுகூட இருக்கும்.”

“ஈரத்துக்குக் கழிச்சா?”

சிரித்தால் வலிக்குமோ என்ற பயத்தில் கங்காணி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“தனியா நடக்குறீங்களே ஐயா, விழுந்தா யாரு பாப்பா? நாளைலேர்ந்து எங்ககூட வாங்க. மட்டப் பாதை வரைக்கும் நாங்களும் இப்படித்தான போறோம்? நாங்க மெதுவாப் போறோம்.”

“நீ யாருகிட்டயும் சொல்லாத புள்ள.”

“நான் எதுக்குச் சொல்றேன்?”

பகல் பன்னிரண்டு மணிக்குள் செய்தி மலையின் மறுகோடியில் இருக்கும் லெம்பா பெர்த்தாம் வரை போய்விட்டது. ஆவி, கங்காணி, லோரி ஆகிய மூன்றும் ஒரே கதையில் வந்ததால், போகிற வழியில் அது ஒரு லோரி விபத்தாகவும் மாறியது. அன்று மாலையே டிரெஸர் அவரை ஈப்போவுக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டினார். இரண்டு வாரம் ஓய்வு என்றார். நடையை மட்டும் நிறுத்தச் சொல்லவில்லை.

மூன்றாவது மரணத்துக்குத் தயாராகத்தான் ஓய்வு முடிந்து பெரட்டுக்கு வந்தார் காளியண்ணன். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகப் பயமாக இருந்தது. நாற்பத்து மூன்று பேரும் கூடைகளை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். கடைசி வரிசை அவருக்காகக் கொஞ்சம் மெதுவாக நடந்தது.

மழைக்காலம் வந்தது. தராசில் கழிவு ஒரு கிலோவாயிற்று. வெயில் நாளில் பனியின் நினைவு வருவது நின்றுபோயிற்று. இது பக்தியா, பயமா என்பதை யாரும் கேட்கவில்லை.

1986 பிப்ரவரியில் இரண்டாவது தாள் வந்தது. இம்முறை அவர் பிரிக்கவில்லை. டிரெஸரிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார்.

“பெரிய நம்பர் இருநூத்து முப்பத்தொன்னு. எறங்கியிருக்கு.”

“சின்னது?”

“முப்பத்து நாலு.”

“ஒன்பது மாசம் நடந்ததுக்கு அஞ்சு லோரியா?”

“அஞ்சு ஏறுறதே பெரிசு கங்காணி. இது லேசுல அசையாது. நம்பரை விடுங்க. கடைசியா எப்ப வலி வந்துச்சு?”

கங்காணி யோசித்தார். தீபாவளிக்கு முன்பு. அதற்குப் பிறகு? நினைவு இல்லை. நினைவு இல்லாதது அவருக்குப் புதிய பயத்தைக் கொடுத்தது. வலி எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று நினைத்தார். அப்படி நினைப்பதை அவர் கடைசிவரை விடவில்லை. குப்பியையும் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

“மேடு ஏறலாமா?”

“மெதுவா. நின்னு நின்னு.”

மார்ச் மாதத்தில் சிங்காரம் செத்து ஓராண்டு நிறைந்த நாள், ஒரு வேலை நாள். காலையில் சடங்கு முடித்து வீட்டார் இறங்கிப் போயிருந்தார்கள். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, மாலை நாலு மணிக்கு, காளியண்ணன் மோட்டாரைத் தொழிற்சாலை வாசலில் விட்டுவிட்டுச் சுடுகாட்டுப் படியடிக்கு நடந்தார். கையில் ஒரு பை. வழியில் எதிர்ப்பட்ட துரையின் ஜீப் நின்றது. “எங்க கங்காணி? ஏறிக்க, அடிவாரம் வரைக்கும் விடுறேன்.”

“நீங்க போங்க துரை. பக்கந்தான்.”

தொண்ணூற்றாறு படிகள். இருபதாவதில் நின்றார். முப்பத்தைந்தாவதில் நின்றார். நாற்பதாவதில், பழைய இடத்தில், மூட்டை வருகிறதா என்று காத்திருந்தார். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. விரல்கள் சட்டைப் பைக்குள் போய்க் குப்பியைத் தொட்டன. நெஞ்சு பலமாக அடித்தது. அது ஏற்றத்தாலா அச்சத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூட்டை வரவில்லை. ஐம்பதாவது படியைத் தாண்டினார்.

மேலே சிங்காரத்தின் குழிமேட்டில் காலையில் வைத்த பூ வாடியிருந்தது. காளியண்ணன் குனிந்து மூன்று கைப்பிடி மண் அள்ளிப் போட்டார். பிறகு பையைத் திறந்து, திரிங்காப்பில் வாங்கிவந்த முட்டைக்கோஸ் ஒன்றைத் தலைமாட்டில் வைத்தார். ஒன்றுதான். மூட்டையாக இருந்திருந்தால் தூக்கியிருக்க முடியாது.

சற்று நேரம் நின்றார். பிறகு கால்களைப் பார்த்துக்கொண்டே, படி படியாக, நடந்து இறங்கினார்.